காப்பிய அரசர்களை ஒப்பிட்டு எழுத: கேள்வி எடுப்பது முதல் கட்டுரை முடிப்பது வரை

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ முதுகலைத் தமிழ் படிப்பவர்களும், நூலகப் படிப்பு வட்டங்களில் கம்பனையும் ஹோமரையும் சேர்த்துப் படிக்க முனைபவர்களும் எழுதும் முதல் ஒப்பீட்டுக் கட்டுரை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது. இடப்பக்கம் இராமன், வலப்பக்கம் ஹோமரின் கிரேக்கக் காப்பியமான இலியட்டின் வீரன் அக்கிலீஸ். நடுவே வீரம், கொடை, நீதி என்று தலைப்புகள். படித்து முடித்தால் இருவரும் பெரியவர்கள் என்பதற்கு மேல் கையில் ஒன்றும் தங்காது.

ஆளுக்கு ஆள் நிறுத்தி எடை போடுவதை விட்டுவிடுங்கள். ஓர் அரசன் மாட்டிக்கொண்ட நெருக்கடியை எடுத்து, அதே நெருக்கடியில் இன்னொரு அரசன் என்ன செய்தான் என்று பாருங்கள். அந்த வேலையைப் படிப்படியாகச் செய்யும் முறை இது. வழி நெடுக ஒரே கேள்வியை மாதிரியாக வைத்துக்கொள்வோம்: தன் பிழை தெரிந்ததும் அரசன் என்ன சொல்கிறான், என்ன செய்கிறான்?

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உரையுள்ள பதிப்பு வேண்டும். கதைச் சுருக்கமோ வசன நூலோ இந்த வேலைக்கு உதவாது. யார் பேசினார், யார் முன்னிலையில் பேசினார் என்பதைச் சுருக்கங்கள் முதலில் உதிர்த்துவிடும். நமக்கு வேண்டியதோ அதுதான்.

சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் உரை மட்டும் போதும் என்று நினைத்து உட்கார்ந்தால் நடுவழியில் நிற்பீர்கள். அவருரை ஊர்சூழ்வரி வரைதான் கிடைத்திருக்கிறது. அதிலும் கானல்வரிக்கு இல்லை. அரசியல் உச்சம் பெறும் வழக்குரை காதையும் வஞ்சிக் காண்டம் முழுவதும் அதற்கு வெளியே நிற்கின்றன. அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய அரும்பதவுரையும் ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையும் பக்கத்தில் இருக்கட்டும்.

கம்பராமாயணத்தில் பாட்டு எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதனால் காண்டம், படலம், பாட்டின் முதலடி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 'அரசியற் படலம்' என்ற பெயரில் பால காண்டத்தில் ஒன்றும் கிட்கிந்தா காண்டத்தில் ஒன்றும் உண்டு. முன்னது தசரதன் ஆட்சியைப் பற்றியது. பின்னது சுக்கிரீவனுக்கு இராமன் சொல்லும் அறிவுரை. படலப் பெயரை மட்டும் எழுதி வைப்பவர்கள் இங்கே தவறாமல் குழம்புகிறார்கள்.

இலியட்டுக்கு அடி எண் தரும் மொழிபெயர்ப்பாகப் பார்த்து எடுங்கள். ரிச்மண்ட் லாட்டிமோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு மூலத்தின் அடிகளை ஒட்டியே போகும். உரைநடை மொழிபெயர்ப்பில் படித்தால், பிறகு அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

நம் குமரி மாவட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் கற்கடக மாதத்தில் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் கேட்டு வளர்ந்தவர்கள் பலர். அங்கே இராமன் முதல் வரியிலிருந்தே பரம்பொருள். தோல்பாவைக்கூத்தில் பார்த்த இராமன் இன்னொருவன். எந்த இராமாயணம் என்பதை முதல் தாளிலேயே எழுதி, அதைத் தாண்டாதீர்கள். காதில் கிடக்கும் வரி கம்பன் வரியாகவே கட்டுரைக்குள் நுழைந்துவிடும்.

## 2. கேள்வி முதலில், நூல் பிறகு

நூலை முதலில் எடுத்தால், அந்த நூலில் எது அழகோ அதையே எழுதத் தோன்றும். கேள்வி முன்னால் நின்றால் எதைப் படிப்பது, எதைத் தள்ளுவது என்று அதுவே சொல்லும்.

கேள்வி ஒரே வாக்கியமாக, செயல் ஒன்றைக் கேட்பதாக இருக்கட்டும். "சிறந்த அரசன் யார்?" என்பது உதவாது. "அரசன் பிழை செய்தால் அவனைக் கேட்பது யார்?", "கொடுத்த அறிவுரையை அரசன் தள்ளும்போது அமைச்சர் என்ன செய்கிறார்?", "தலைவன் முன்னணியில் நிற்க வேண்டிய காரணமாக எது சொல்லப்படுகிறது?" இவை உதவும்.

நூல்கள் இரண்டு போதும். மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் அந்தக் கேள்விக்கு நேராக விடை சொல்லும் காட்சி ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லையென்றால், எவ்வளவு பிடித்த நூலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இலக்கிய வகையும் பொருந்த வேண்டும். நாஞ்சில் நாட்டு மாணவர்கள் புறநானூற்றின் 140-ஆம் பாட்டை ஆசையோடு கொண்டுவருவார்கள். கீரையோடு சேர்க்கச் சிறிது அரிசி கேட்ட ஔவைக்கு நாஞ்சிற் பொருநன் யானையைக் கொடுத்த பாட்டு அது. அருமையான பாட்டுதான். ஆனால் பரிசு பெற்ற புலவர் பாடிய தனிப்பாட்டு. அதில் கதையின் ஓட்டம் இல்லை, அரசன் தவற இடமும் இல்லை. காப்பியத்தோடு அதைச் சமமாக நிறுத்தாமல், கொடை பற்றிய பின்னணிச் சான்றாகப் பயன்படுத்துங்கள்.

## 3. காட்சிகளைப் பொறுக்குவது

நூல் முழுவதையும் ஒருமுறை கதைப்போக்குக்காகப் படியுங்கள். இரண்டாம் முறை படிக்கும்போது மூன்று இடங்களில் நில்லுங்கள்: அவை கூடும் இடம், ஒருவர் அரசனைக் குற்றம் சாட்டும் இடம், ஆட்சி கை மாறும் இடம். அரச இலட்சியத்தைக் கவிஞர்கள் அதிகம் பேசுவது இந்த மூன்றில்தான். நகர வருணனையிலும் நாட்டுப் படலத்திலும் வருவது பெரும்பாலும் புகழ்.

மாதிரிக் கேள்விக்கு இப்படித் தேடினால் கிடைப்பவை: சிலம்பில் கொலைக்களக் காதை, வழக்குரை காதை, காட்சிக் காதை. கம்பனில் வாலி வதைப் படலமும் கிட்கிந்தா காண்டத்து அரசியற் படலமும். இலியட்டில் 1, 9, 19, 22-ஆம் பாகங்கள். கேள்வி அமைச்சர்களைப் பற்றியது என்றால் யுத்த காண்டத்து இராவணன் மந்திரப் படலத்தைத் தவற விடக்கூடாது. பிறன் மனைவியைச் சிறை வைத்துவிட்டுக் குற்றமற்ற புகழை விரும்புகிறோம், பேசுவது மானம், பேணுவது காமம் என்று கும்பகருணன் அண்ணன் முகத்துக்கு நேராகச் சொல்வது அங்கேதான்.

## 4. சீட்டு எழுதும் முறை

ஒரு காட்சிக்கு ஒரு சீட்டு. அரைத் தாள் அளவு போதும். ஒவ்வொன்றிலும் ஆறு விவரம்: இடம் (காண்டம், காதை, அடி), பேசுபவர், கேட்பவர், பேச்சின் சாரம் இரண்டு வரியில், மூல வரி ஒன்று, அந்தப் பேச்சுக்குப் பின் நடந்தது.

பலர் கேட்பவரையும் பின் நடந்ததையும் விட்டுவிடுகிறார்கள். ஒப்பீட்டின் பாதி அந்த இரண்டில்தான் இருக்கிறது. ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

சுமார் 2,000 சொல் கட்டுரைக்கு 12 சீட்டு போதுமானது. 30-ஐத் தாண்டினால் கேள்வி அகலமாகிவிட்டது என்று பொருள். படிப்பதை நிறுத்திவிட்டு, கேள்வியைச் சுருக்குங்கள்.

## 5. யார் யாரிடம் சொன்னது?

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது.

பாண்டியனை முதலில் எடுங்கள். குற்றம் சாட்டுபவள் அயல் ஊரிலிருந்து வந்த, கணவனை இழந்த பெண். சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது. அவள் முன்னிலையில், தன் அவையிலேயே அரசன் சொல்கிறான்:

பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட
யானோ அரசன் யானே கள்வன்

தட்டான் பெயர் இந்த வரியில் வருகிறது. ஆனால் பழி அவன் மேல் போடப்படவில்லை. அவன் சொல்லைக் கேட்டது தன் குற்றம் என்கிறான் அரசன்.

இப்போது ஊழ் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கொலைக்களக் காதையில் பாண்டியன் ஆராயாமல் ஆணையிடும்போது, 'வினைவிளை காலம் ஆதலின்' என்று கவிஞர் தம் வாயால் சொல்கிறார். காட்சிக் காதையில் செய்தி கேட்ட சேர அரசன் செங்குட்டுவன், வல்வினை வளைத்த கோலை மன்னவனின் பிரிந்த உயிர் நிமிர்த்திச் செங்கோல் ஆக்கியது என்கிறான். கதை சொல்பவர் வினையைச் சொல்கிறார், சக அரசனும் சொல்கிறான். குற்றம் செய்தவன் மட்டும் அதைச் சொல்லவில்லை. பேசுபவரைத் தனியே குறித்து வைத்தவருக்குத்தான் இது கண்ணில் படும். 'சிலம்பில் ஊழ்வினை' என்று ஒரே தலைப்பில் எல்லா வரிகளையும் கொட்டியவருக்குப் படாது.

அடுத்து, ட்ராய் நகரை எதிர்த்து வந்த கிரேக்கப் படையின் தலைவன் அகமெம்னான். அக்கிலீஸின் பரிசுப் பெண்ணைப் பறித்தது அவன் பிழை. அதனால் அக்கிலீஸ் போரிலிருந்து விலக, படை அழிகிறது. 19-ஆம் பாகத்தில் படை முழுவதும் கேட்க அவன் பேசுகிறான்: காரணம் நான் அல்ல, ஸீயஸும் விதியும் இருளில் நடக்கும் பழிவாங்கும் தெய்வமான எரினிஸும் என் புத்தியை மயக்கினார்கள். இதை மட்டும் எடுத்துப் பாண்டியனுக்கு எதிரே வைத்தால் கட்டுரை எளிதாக முடியும்: நம் அரசன் ஏற்றான், கிரேக்க அரசன் நழுவினான். பலரும் இங்கேயே முடித்துவிடுகிறார்கள். அது தவறான முடிவு.

9-ஆம் பாகத்துச் சீட்டை எடுங்கள். அங்கே முதியவர் நெஸ்டர் அவனைக் கண்டிக்கும்போது, மதி மயங்கினேன், மறுக்கவில்லை என்று அவனே ஒப்புக்கொள்கிறான். அப்போது கேட்டவர்கள் அவன் பாசறையில் கூடிய தலைவர்கள் சிலர்தான். சிலர் முன் ஒப்புக்கொண்டவன், பலர் முன் தெய்வத்தின் மேல் வைக்கிறான். வேறுபாடு அவன் குணத்தில் மட்டும் இல்லை. யார் முன் பேசுகிறான் என்பதிலும் இருக்கிறது.

ட்ராய் இளவரசன் ஹெக்டர் தனியாகப் பேசுகிறான். 22-ஆம் பாகத்தில், கோட்டை வாயிலுக்கு வெளியே, என் மடத்துணிவால் மக்களை அழித்தேன், இனி ஊர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தன் நெஞ்சோடு சொல்லிக்கொள்கிறான். கேட்பவர் யாரும் இல்லை. அவனைத் தடுப்பது ஊரார் சொல்லப்போகும் சொல்.

இராமனுக்கு இரண்டு சீட்டு வேண்டும். முடி சூடும் சுக்கிரீவனுக்கு அறிவுரை சொல்லும்போது, சிறியர் என்று இகழ்ந்து நோவு செய்யாதே, அந்த நெறியை மறந்து நான் ஒரு தீமை செய்ததால் கூனியால் துயர்க்கடலில் வீழ்ந்தேன் என்கிறான். யாரும் கேட்காமல், நண்பனிடம், பாடமாகச் சொன்னது. அதே காண்டத்தில் சற்று முன்னால் வாலி நேருக்கு நேர் கேட்கிறான்: கோவியல் தருமம் உங்கள் குலத்தோர்க்கெல்லாம் உடைமை அன்றோ? அங்கே இராமன் ஒப்புக்கொள்ளவில்லை, வாதிடுகிறான். முதல் சீட்டை மட்டும் வைத்துப் புகழ்வதும் இரண்டாவதை மட்டும் வைத்து இகழ்வதும் அரைப் படிப்பு.

பேசுபவரைப் பார்க்காததால் வரும் இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். ஹோமரின் இன்னொரு காப்பியமான ஒடிசியின் 19-ஆம் பாகத்தில் நல்லரசன் ஆண்டால் மண் விளையும், மரம் காய்க்கும், கடல் மீன் தரும் என்று வருகிறது. சிலம்பில் மழைவளம் கரப்பின் வான்பேரச்சம் என்று வருகிறது. இரண்டும் ஒரே கருத்து என்று எழுதிவிடுவார்கள். முன்னது பிச்சைக்காரன் வேடத்தில் இருக்கும் ஒடிசியூஸ் தன் மனைவி பெனலோபியைப் புகழ்வது. பின்னது ஆளும் செங்குட்டுவனே, குடி காக்கும் குலத்தில் பிறப்பது துன்பமல்லது தொழத்தக்கதில்லை என்று நொந்து சொல்வது. விளைச்சலும் மழையும் இரண்டிலும் உண்டு. ஒன்று வாழ்த்து, மற்றொன்று சுமை.

## 6. சொல்லுக்குப் பின் நடந்ததைச் சேர்ப்பது

சீட்டின் ஆறாவது விவரத்தை இப்போது எடுங்கள். பிழையை முழுதும் ஏற்ற பாண்டியன் அரியணையிலேயே உயிர் விடுகிறான். ஆனால் மதுரை எரிவது நிற்கவில்லை. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி இவர்களை விட்டுத் தீத்திறத்தார் பக்கம் சேர்க என்கிறாள் கண்ணகி. பிறகு, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிடுகிறான். ஒரு கொல்லன் செய்த களவுக்கு ஆயிரம் பேர். பாண்டிய நீதியைப் போற்றும் கட்டுரைகள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. தொட வேண்டும், அதே நூல்தான் இதையும் சொல்கிறது.

அகமெம்னான் சொல்லில் நழுவினாலும் கையைத் திறக்கிறான்: 7 முக்காலிக் கலங்கள், 10 தாலந்து பொன், 20 கொப்பரைகள், 12 குதிரைகள், 7 பெண்கள், பறித்த பிரிசெயிஸ். அவை அனைவரும் காண எடுத்து வரப்படுகின்றன. சொல்லில் ஏற்று உயிரைக் கொடுத்தவன் ஒருவன். சொல்லில் ஏற்காமல் இழப்பீட்டைக் கொடுத்தவன் ஒருவன். 'ஏற்றான், ஏற்கவில்லை' என்ற இரண்டு கட்டங்களில் இது அடங்காது. அட்டவணை போடுவதானால் சொல்லுக்கு ஒரு நிரல், செயலுக்கு ஒரு நிரல், விலை கொடுத்தவர் யார் என்பதற்கு ஒரு நிரல் வேண்டும். மூன்றாவது நிரலை விட்டுவிடாதீர்கள்: மதுரை மக்கள், பொற்கொல்லர்கள், பொருளோடு பொருளாக எண்ணிக் கொடுக்கப்படும் பெண்கள் எல்லோரும் அங்கேதான் வருவார்கள்.

## 7. வேறுபாட்டுக்குக் காரணம் தேடுவது

'அந்த நாட்டுப் பண்பாடு அப்படி' என்று எழுதுவது காரணம் ஆகாது. ஆட்சி அமைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள்.

ட்ராய்க் கரையில் இருப்பது பல அரசர்கள் சேர்ந்த கூட்டுப் படை. அகமெம்னான் அவர்களில் முதல்வன். அக்கிலீஸ் விலகிப் போகலாம், போகவும் செய்கிறான். படை கலைந்தால் தலைமை போயிற்று. அங்கே அரசனின் பிழை சக அரசன் ஒருவனின் மதிப்பைக் குலைத்தது. எடுத்ததைத் திருப்பி, மேலும் கொடுத்தால் மதிப்பு மீளும். மதுரையில் இருப்பது வாயிலும் காவலனும் அவையும் உள்ள ஊர். அங்கே பிழை தீர்ப்பில் விழுந்தது. கோவலன் உயிரைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. இந்த இரண்டு அமைப்பையும் இரண்டு பத்தியில் விளக்கினால், முன்படியில் கண்ட வேறுபாடு தானாகப் புரியும்.

சாதாரண வீரன் கேட்டால் என்ன ஆகும் என்பதையும் இங்கே சேர்க்கலாம். இலியட் 2-ஆம் பாகத்தில் தெர்சைட்டீஸ் அகமெம்னானைத் திட்டுகிறான். சாரம் அக்கிலீஸ் சொன்னதற்கு நெருங்கியதுதான். ஒடிசியூஸ் செங்கோலாலேயே அவன் முதுகில் அடிக்கிறான், படை சிரிக்கிறது. கண்ணகியோ வாயிலோன் வழியாக உள்ளே அழைக்கப்படுகிறாள்.

ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று எழுதாதீர்கள். இலியட்டைப் பெரும்பாலும் கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள்; சிலம்பின் காலமும் கம்பன் காலமும் இன்றும் விவாதத்தில் உள்ளவை. தற்செயல் ஒற்றுமைகளும் ஏமாற்றும். பழைய ஆங்கிலக் காப்பிய அரசன் பேவுல்ஃப் 50 ஆண்டு ஆண்டான். செங்குட்டுவன் ஆட்சிக்கும் 50 ஆண்டு கடந்ததாக நடுகற் காதையில் மறையோன் மாடலன் சொல்கிறான். எண் ஒத்துப்போவதால் எதுவும் நிறுவப்படாது.

## 8. வில்லுப்பாட்டைச் சேர்ப்பதானால்

இரவிக்குட்டிப் பிள்ளை போர்க்கதை போன்றவற்றைச் சேர்க்க விரும்புபவர்களுக்கு: தாராளமாகச் சேர்க்கலாம், தனிப் பகுதியாக. திருமலை நாயக்கர் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் விழுந்த வேணாட்டு அமைச்சர் அவர். 17-ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சி. பழங்காப்பியத்தோடு ஒரே அட்டவணையில் வைத்தால் காலம் குழம்பும்.

அவர் அரசர் அல்ல என்பதையும் கவனியுங்கள். தாயும் மனைவியும் தடுக்க, அவர் போருக்குப் போகும் பகுதியை இலியட் 6-ஆம் பாகத்தில் ஹெக்டர் மனைவியிடம் விடைபெறும் காட்சியோடு சேர்த்துப் படிக்கலாம். நீர்க்கோல வாழ்வை நச்சி, வளர்த்துப் போர்க்கோலம் செய்துவிட்டவனுக்கு உயிர் கொடாமல் போகேன் என்ற கும்பகருணனும் நல்ல துணை. எங்களுக்கு முதல் இருக்கையும் நிறைந்த கிண்ணமும் ஏன் தருகிறார்கள், முன்னணியில் நிற்கத்தானே என்று இலியட் 12-ஆம் பாகத்தில் கேட்கும், ட்ராய்க்குத் துணை வந்த தலைவன் சார்ப்பிடானும் இந்த வரிசைதான். பாண்டியனோடு வைக்க இரவிக்குட்டிப் பிள்ளை கதையில் இணையான காட்சி இல்லை.

கோயில் கொடை விழாவில் கேட்டுப் பதிவு செய்தால் பாடும் புலவரிடமும் கோயில் நிர்வாகத்திடமும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கோயில், நாள், பாடியவர் மூன்றும் சீட்டில் வர வேண்டும். ஒரே கதை குழுவுக்குக் குழு கூடும், குறையும். அச்சுப் பதிப்பின் வரியையும் கேட்ட வரியையும் கலந்து எழுதினால் பிறகு பிரிக்க முடியாது.

## 9. எழுதும் வரிசை

முதல் பத்தியில் கேள்வியும் எடுத்த காட்சிகளும். ஆசிரியர் வரலாறு, காப்பியப் பெருமை, நூல் அறிமுகம் எதுவும் வேண்டாம். ஒரு பக்கம் அதிலேயே கரைந்துவிடும்.

'முதலில் சிலம்பு முழுவதும், பிறகு இலியட் முழுவதும்' என்று போகாதீர்கள். படிப்பவர் இரண்டாம் நூலுக்கு வரும்போது முதல் நூலை மறந்திருப்பார். ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு நூலும் வரட்டும்: குற்றம் சாட்டுபவர், கேட்பவர், சொல், செயல், விலை கொடுத்தவர், காரணம். இந்த ஆறுக்கும் ஆறு பத்தி என்று அளந்து வைக்க வேண்டியதில்லை. எங்கே வேறுபாடு கூர்மையாக இருக்கிறதோ அங்கே மூன்று பத்தி எழுதுங்கள்; மற்றதை இரண்டு வரியில் கடந்து போங்கள்.

மேற்கோள் பத்திக்கு ஒன்று போதும், நான்கு அடிக்கு மேல் வேண்டாம். மேற்கோளுக்கு அடுத்த வாக்கியத்தில் யார் யாரிடம் சொன்னது என்று கட்டாயம் வர வேண்டும்.

எழுதி முடித்ததும் சீட்டுகளைத் திரும்ப எடுத்து ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் முடிவுக்கு எதிராக நிற்கும் சீட்டு எது? அகமெம்னானுக்கு 9-ஆம் பாகம், இராமனுக்கு வாலி, பாண்டியருக்கு ஆயிரம் பொற்கொல்லர். அது கட்டுரைக்குள் வராமல் வெளியே கிடந்தால், கடைசிப் பத்தியை அடித்துவிட்டு அந்தச் சீட்டிலிருந்து திரும்ப எழுதுங்கள்.